இருமுறை கை தூக்கினார்

அந்த ஜன்னல் கண்ணாடியைச் சாத்தாதீர்கள். முன்பின் தெரியாதவரிடம் இப்படிச் சொல்லக்கூடாதுதான், மன்னிக்க வேண்டும். இந்தச் செடிக்குக் காற்று வேண்டும். தண்ணீர் ஊற்றாவிட்டால் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளும், மண் அதற்குத் தேவையே இல்லை, ஓடுகிற காற்று மட்டும் இருந்தாக வேண்டும். ஆர்க்கிட். கொஞ்சம் உங்கள் மடியில் வைத்துக்கொள்கிறீர்களா? என் மடியில் இந்தப் பை இருக்கிறது, இதற்குள் கண்ணாடி போட்ட ஒரு தீர்மானம் இருக்கிறது, சாய்க்கக் கூடாது. தொட்டியின் அடியைப் பிடியுங்கள். தண்டைத் தொடவேண்டாம். அப்படித்தான். பூவைப் பார்த்தீர்களா? ஒன்றே ஒன்று. வெள்ளை, நடுவில் கொஞ்சம் மஞ்சள். பஸ் சேலம் போய்ச் சேரும் வரை அது உங்கள் பொறுப்பு.

என்ன, கையைத் தூக்குகிறீர்கள்? குளிர்தானே, மலை இறங்க இறங்க விட்டுவிடும். துண்டை இழுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள். இப்போதுதான் இருபதாவது வளைவு. இன்னும் பத்தொன்பது இருக்கிறது. நான் சொல்லி முடித்துவிடுவேன்.

என் பெயர் தெய்வசிகாமணி. கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். நீதிபதி தீர்ப்புச் சொல்வார், மற்ற எல்லாவற்றையும் சிரஸ்தார் பார்ப்பார். இப்போது ஏரிக்கரை ஆர்க்கிட் வளர்ப்போர் சங்கத்தின் செயலாளர். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, காலை பதினொரு மணி, வாசகசாலை மாடியில் கூட்டம். நாற்பத்திரண்டு உறுப்பினர்கள். ஆரம்பித்தபோது பதினேழு பேர்தான். என் காலத்தில்தான் இவ்வளவு வளர்ச்சி. எப்படி என்று கேட்டால், ஒழுங்கு. வேறு ஒன்றும் செய்யவில்லை.

சங்கத்தை ஆரம்பித்தவர் இன்னாசிமுத்து. காபி எஸ்டேட்டில் மேனேஜராக இருந்தவர். பெரிய உடம்பு, விரல் மட்டும் தையல்காரர் விரல் மாதிரி இருக்கும். அவர் தொட்டதெல்லாம் பூத்தது. எனக்கு இந்த மலையில் இருந்த ஒரே சிநேகிதர் அவர்தான். தினமும் சாயங்காலம் ஏரியைச் சுற்றி நடப்போம், அவர் பேசுவார், நான் கேட்பேன். அவரிடம் இருந்த ஒரே குறை அந்தப் பேச்சு. கூட்டத்தில் வேரைப் பற்றி ஆரம்பித்தார் என்றால் ஒன்றரை மணி நேரம் ஆகும். வேரில் ஈரம் இருக்கிறதா என்று நகத்தால் எப்படிப் பார்ப்பது, எண்பத்து நான்கில் ஒரு வேர் அவரை எப்படி ஏமாற்றியது. அவர் மூச்சு வாங்க நிறுத்தினால் மற்றவர்கள் ஆரம்பிப்பார்கள். ஒருவருக்கு முழங்கால் வலி. ஒருவர் தோட்டத்தில் காட்டுப்பன்றி. ஒருவர் பெண்ணுக்கு வரன் அமையவில்லை. குறிப்பு எழுதுகிறவன் நான். ஆர்க்கிட் சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்பில் காட்டுப்பன்றியை எங்கே எழுதுவது?

அதனால் ஒரு விதி எழுதினேன். பதினான்காம் விதி. 'தானே வளர்த்ததும், வேரோடு கூடியதும், மலர்ந்திருப்பதுமான செடியை மேசை மேல் வைத்துள்ள உறுப்பினர் மட்டுமே அன்றைய கூட்டத்தில் பேசலாம்.' மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். ஒரு சொல்லை எடுக்க முடியாது.

"அருமையான விதி சிரஸ்தாரே. இனிமே இந்தக் கழுத்தறுப்பு இல்லை" என்று முதலில் கைதட்டியவர் இன்னாசிமுத்துதான். அவர் வீட்டில் எப்போதும் ஏதாவது ஒன்று பூத்திருக்கும். இரண்டு வருடம் எங்கள் சங்கத்தில் அவர் ஒருவர்தான் பேசினார்.

அந்த ஜன்னலையும் சொல்லிவிட வேண்டும். வாசகசாலை மாடியில் ஏரியைப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல். கூட்டம் நடக்கும்போது அது திறந்திருக்க வேண்டும். முதல் கூட்டத்தில் அவரே எழுந்து திறந்தார், "செடி மூச்சு விடட்டும்" என்றார். அதிலிருந்து வழக்கமாகிவிட்டது, கூட்டம் இல்லாத நாளிலும் யாரும் சாத்துவதில்லை. மேசையில் செடி இல்லாத மாதத்திலும் திறந்துதான் இருக்கும். மார்கழியில் பனி உள்ளே வந்துவிடும். கடைசி வரிசை கண்ணுக்குத் தெரியாது. வருகைப் பதிவை எழுந்து நடந்துபோய்த்தான் எடுப்பேன்.

பதினாறாவது வளைவா இது? டிரைவர் கொஞ்சம் அவசரக்காரர். பூ ஆடுகிறது பாருங்கள். நன்றாகப் பிடியுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலம். இன்னாசிமுத்துவின் பசுமைக் குடிலில் அழுகல் நோய் புகுந்தது. ஐப்பசியில் ஆரம்பித்து கார்த்திகை முடிவதற்குள் நூற்று நாற்பது தொட்டி போய்விட்டது. அவருக்கும் நெஞ்சில் சளி. டிசம்பர் முதல் ஞாயிறு வெறுங்கையோடு வந்தார். அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலி ஜன்னலை ஒட்டி இருக்கும், அதில் உட்கார்ந்தார். மேசையில் ஒரு பூ இல்லை. சங்கத்தின் சரித்திரத்தில் முதல் தடவை. நான் மணியை அடித்தேன். மணி பேச்சில் சேராது, அதைத் தலைவரிடம் முன்பே எழுத்தில் கேட்டு உறுதி செய்துகொண்டிருந்தேன். தலைவர் எங்கள் மாட்டு டாக்டர், குணபூஷணம்.

முப்பது பேர் சும்மா உட்கார்ந்திருந்தோம். ஒரு இருபது நிமிடம் போயிருக்கும். இன்னாசிமுத்து கையைத் தூக்கினார்.

நான் பேனாவால் சுவரைக் காட்டினேன். சுவரில் விதிகளைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம். அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையை இறக்கிக்கொண்டார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன், பனியில் சரியாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தூக்கினார். நான் மறுபடி பேனாவைக் காட்டினேன். சிநேகிதர் என்பதற்காக வேறு மாதிரி நடந்துகொண்டால் விதிக்கு என்ன மதிப்பு? நீங்களே சொல்லுங்கள். இல்லை, அப்புறம் சொல்லுங்கள்.

அன்றைய குறிப்பில் எழுதினேன். 'மலர் இல்லை. திரு. இன்னாசிமுத்து இருமுறை கை தூக்கினார். கூட்டம் இனிதே நிறைவுற்றது.' நடந்ததை நடந்தபடி எழுதுகிறவன் நான். பிரதி எல்லா உறுப்பினருக்கும் போயிற்று.

ஒன்பதாம் நாள் இறந்துவிட்டார். நிமோனியா.

வயது எழுபத்தாறு. நோய் ஏற்கெனவே இருந்தது. நான் போய் மூன்று நாள் அங்கேயே இருந்தேன். பெட்டியை மூடுவதற்கு முன்னால் செலஸ்டின் அம்மா, அவருடைய மனைவி, என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். என் துக்கத்தைப் புரிந்துகொண்டார் என்று நினைத்தேன்.

ஜனவரி முதல் ஞாயிறு. இரங்கல் தீர்மானம் போட வேண்டும். நிறுவனர் அல்லவா. தீர்மானத்தை யாராவது எழுந்து முன்மொழிய வேண்டும். எழுந்து பேச வேண்டுமென்றால் மேசையில் பூ வேண்டும். ஒருவரிடமும் பூ இல்லை. 'இரங்கல் தீர்மானம், ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதினேன். பிப்ரவரியிலும் அப்படியே எழுதினேன். மார்ச்சிலும்.

மௌன அஞ்சலியாவது செலுத்தலாமே என்பீர்கள். எங்கள் கூட்டமே ஒரு மணி நேர மௌனம். அதில் எந்த இரண்டு நிமிடம் அவருக்கு என்று யார் எழுந்து சொல்வது?

விதியை மாற்றலாமே என்பீர்கள். தாராளமாக மாற்றலாம். இருபத்திரண்டாம் விதியில் வழி இருக்கிறது. ஓர் உறுப்பினர் எழுந்து முன்மொழிய வேண்டும்.

டாக்டர் குணபூஷணம் ஒருநாள் கடைவீதியில் என்னை நிறுத்தினார். "சிரஸ்தார், இரங்கலை ஒரு தாள்ல எழுதிச் சுவத்துல ஒட்டிட்டா ஆச்சு. ஆண்டவன் ஒத்துக்க மாட்டானா?" என்றார். எழுத்தும் பேச்சுதான் டாக்டர், வாய் மட்டும் அசையாது என்றேன். அவர் என்னையே பார்த்துவிட்டு, "எருமைக்குக்கூட ஊசி போட ஒரு இடம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டு போனார். தொழில் ஞாபகம்.

இதில் ஒரு ஆச்சரியம். பூ நின்ற பிறகுதான் கூட்டத்துக்கு ஆள் கூடியது. முப்பது நாற்பத்திரண்டு ஆனது. ஒரு செடிகூட வளர்க்காதவர்கள் எல்லாம் சேர்ந்தார்கள். ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று ஒருவர். போன் எடுக்காமல் ஒரு மணி நேரம் உட்கார வேறு இடம் இல்லை என்று ஒருவர். ஒரு கணவனும் மனைவியும் வருகிறார்கள், இந்த ஓரம் ஒருவர், அந்த ஓரம் ஒருவர், முடிந்ததும் சேர்ந்து போகிறார்கள். ஆர்க்கிட் மேல் இவ்வளவு ஆர்வம் இந்த மலையில் இருந்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை.

ஆனால் பூ மட்டும் ஒருவரும் கொண்டுவரவில்லை. பேக்கரி வைத்திருக்கிற கஃபூர் எங்கள் உறுப்பினர். ஒரு சனிக்கிழமை ரொட்டி வாங்கப் போனபோது பார்க்கிறேன், கண்ணாடிக்குப் பின்னால் கேக்குகளுக்கு நடுவே ஒரு ஆர்க்கிட், பதினொரு பூ. மறுநாள் கூட்டத்துக்கு வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தார். முடிந்ததும் படியில் மறித்துக் கேட்டேன்.

"நேத்து ராத்திரியே உதிர்ந்துருச்சு சார்."

திங்கட்கிழமை போனேன். பதினொரு பூவும் இருந்தன.

"இது அதோட தம்பி சார்" என்றார். "உக்காருங்க, பன் சாப்பிடுங்க."

அப்புறம் கவனித்துப் பார்த்தேன். ஊர் முழுக்கப் பூத்திருக்கிறது. டாக்டர் வீட்டுக் குளியலறை ஜன்னலில் ஊதாக் கொத்து. தலைமையாசிரியர் வீட்டு மாடியில் மஞ்சள். முதல் ஞாயிறு வந்தால் மட்டும் எல்லோரும் கையை வீசிக்கொண்டு வருகிறார்கள். கூச்சம். மலைக்காரர்களுக்குச் சபையில் எழுந்து நிற்கக் கூச்சம். நானோ கோர்ட்டில் முப்பத்தைந்து வருடம் குரல் கொடுத்தவன். அப்போது முடிவு செய்தேன். பூவை நான் பூக்க வைக்கிறேன், தீர்மானத்தை நான் சொல்கிறேன், எல்லோரையும் விடுவிக்கிறேன்.

செலஸ்டின் அம்மாவுக்காகத்தான் இந்த முடிவு. வீட்டை விற்றுவிட்டுச் சேலத்தில், அஸ்தம்பட்டியில், மகள் வீட்டோடு இருக்கிறார். கணவருடைய உறுப்பினர் இடத்தை எழுதி வாங்கிக்கொண்டார். மாதா மாதம் காலை முதல் பஸ்ஸில் மலை ஏறி வருவார். இன்னாசிமுத்து உட்கார்ந்த அதே நாற்காலி, ஜன்னல் ஓரம். தலைக்கு மஃப்ளர், மேலே இரண்டு சால்வை. ஒரு மணி நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். மணி அடித்ததும் எழுந்து போய்விடுவார். மூன்று வருடம். ஒரு இரங்கல் தீர்மானத்துக்காக ஒரு விதவை மூன்று வருடம் மலை ஏறி இறங்குகிறார். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இருமுகிறீர்களே. சீரக மிட்டாய் வேண்டுமா? பத்தாவது வளைவு வந்துவிட்டது, பாதி தாண்டிவிட்டோம்.

நான் அதுவரை ஒரு செடியும் பூக்க வைத்தது இல்லை. செயலாளருக்கு அது கட்டாயம் இல்லை. இந்தச் செடியை வாங்கினேன். கரி, தென்னை மட்டை, மரப்பட்டை, எல்லாம் புத்தகத்தில் சொன்னபடி. காலை ஆறு மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர், மாலை ஆறு மணிக்கு ஒரு டம்ளர். ஒரு நாள் தவறியதில்லை. இலை மஞ்சளாகும், விழும், நான் இன்னும் அரை டம்ளர் கூட்டுவேன். இரண்டே கால் வருடம் இப்படி. ஒரு மொட்டு இல்லை.

போன ஆவணியில் கண்புரை ஆபரேஷனுக்குச் சேலம் போனேன். ஏழு வாரம் தங்க வேண்டியதாகிவிட்டது. வீடு பூட்டிக் கிடந்தது. சொட்டுத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. செத்துத்தான் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தால், தண்டு விட்டிருக்கிறது, நுனியில் மொட்டு. இரண்டே கால் வருடம் ஊற்றிய தண்ணீர் வீண் போகவில்லை பாருங்கள்.

மொட்டு விரிந்தது போன வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை இதைத் தூக்கிக்கொண்டு வாசகசாலைப் படி ஏறினேன். நான் உள்ளே வந்ததும் எல்லோர் முகமும் மாறியது. அப்படி ஒரு உணர்ச்சி. கஃபூர் கண்ணை மூடிக்கொண்டார். கடைசி வரிசையில் நான்கு பேர் எழுந்து வெளியே போனார்கள், இடம் விட்டுக் கொடுத்தார்கள் போலிருக்கிறது. தொட்டியை மேசை மேல் வைத்தேன். மணியை அடித்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு தீர்மானத்தை எடுத்தேன். பதினொரு பக்கம்.

அப்போது செலஸ்டின் அம்மா எழுந்தார்.

நேராக மேசைக்கு வந்தார். பையிலிருந்து செய்தித்தாள் சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்தார். கல்யாண மேடையில் கட்டுவார்களே, ஊதா ஆர்க்கிட், நீளக் காம்பு. தலைவருக்கு வைத்திருந்த தண்ணீர் டம்ளரில் அதை நிறுத்தினார். என் செடிக்குப் பக்கத்தில். பிறகு பேசினார். எங்களுடைய கூட்டத்தில் மூன்று வருடத்தில் முதல் குரல்.

"சிரஸ்தார் அண்ணே, உங்க குறிப்புல 'இருமுறை கை தூக்கினார்'னு இருக்கு. எதுக்குன்னு இல்லை. அந்த ஜன்னலைச் சாத்தச் சொல்றதுக்கு. காய்ச்சலோட உக்காந்திருந்தார். வீட்டுக்கு வந்து இருமிக்கிட்டே சிரிக்கிறார், ரெண்டு தரம் கேட்டேன் செலஸ்டின், சிரஸ்தார் பேனாவைக் காட்டிட்டார்னு. அதையும் எழுதிக்குங்க. அதுக்குத்தான் வரேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கோர்ட்டில் இதைவிடக் கஷ்டமான நிலைமையெல்லாம் பார்த்திருக்கிறேன். நான் அந்தக் காம்பைத் தூக்கிப் பார்த்தேன்.

"வேர் இல்லையேம்மா" என்றேன்.

"மார்க்கெட்ல வேரோட தர மாட்டாங்க அண்ணே."

'வேரோடு கூடியதும்' என்று விதியில் இருக்கிறது. 'தானே வளர்த்ததும்' என்றும் இருக்கிறது. இரண்டு விதத்தில் செல்லாது. அதைச் சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன். இந்தப் பேச்சு பதிவாகாது அம்மா, ஆனால் உட்காருங்கள், உங்களுக்காகத்தான் மூன்று வருடமாக ஒரு தீர்மானம் தயாராக இருக்கிறது என்றேன். அவர் உட்காரவில்லை. இரண்டு சால்வையையும் எடுத்துக்கொண்டு நடந்தார். படியில் அவர் இறங்குகிற சத்தம் கடைசிப் படி வரை கேட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் புரியவில்லை. டாக்டர் குணபூஷணம், தலைவர், எழுந்து போய் ஜன்னலைப் பிடித்து இழுத்தார். பத்துப் பன்னிரண்டு வருடம் திறந்தே கிடந்த ஜன்னல், மரம் உப்பிப்போய் வரவில்லை. கஃபூர் போனார். வரவில்லை. தலைமையாசிரியர் போனார். பூ இல்லாததால் மூன்று பேரும் பேச முடியாது. நீ அடியில் தூக்கு, நீ கொண்டியைப் பார் என்று கையாலேயே காட்டிக்கொள்கிறார்கள். கஃபூர் விரல் நசுங்கியது, அவர் வாயைத் திறந்தார், என் பூவைப் பார்த்தார், மூடிக்கொண்டார். கடைசியில் மூன்று பேரும் தோள் கொடுத்து இடித்துச் சாத்தினார்கள். அறை முழுக்க ஒரு வெதுவெதுப்பு வந்தது. மேசையில் பூ இருக்கும்போது ஜன்னலைச் சாத்தியிருக்கிறார்கள். நான் பேனாவைக் காட்டவில்லை.

தீர்மானத்தைப் படித்தேன். ஐம்பது நிமிடம். படித்து முடித்து நிமிர்ந்தால் டாக்டர் மட்டும் இருந்தார், கண்ணை மூடி ஆழ்ந்து கேட்டுக்கொண்டு. தோளைத் தொட்டதும், "ஆமோதிக்கிறேன்" என்றார். ஒரே சொல், பேச்சில் சேராது. நிறைவேறியது.

அந்தத் தீர்மானம்தான் இந்தப் பையில் இருக்கிறது. சட்டம் போட்டு, சந்தன மாலை போட்டு எடுத்துக்கொண்டு போகிறேன். செடியையும் அந்த அம்மாவுக்கே கொடுத்துவிடலாம் என்று. குறிப்பையும் எழுதிவிட்டேன். 'திருமதி செலஸ்டின் பேசியது விதி 14-க்கு உட்படாததால் பதிவு செய்யப்படவில்லை.' அது சரிதானே? அதற்கு அடுத்த வரி, 'ஜன்னல் சாத்தப்பட்டது.' பேச்சை எழுதக் கூடாது, நிகழ்ச்சியை எழுதலாம். அந்த மூன்று சொல் எழுத... இல்லை, இரண்டு சொல்தான். இரண்டு சொல் எழுத ஒரு ராத்திரி ஆயிற்று.

அவர் கதவைத் திறப்பாரா என்று தெரியவில்லை. திறந்தால் முதலில் என்ன சொல்வது என்றுதான் மேலே பஸ் ஏறியதிலிருந்து யோசித்துக்கொண்டு வருகிறேன். பதினொரு பக்கம் எழுதியவனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. பரவாயில்லை. கையில் பூ இருக்கிறது. பூ இருந்தால் பேசிவிடலாம்.

பார்த்து, பார்த்து. இது மூன்றாவது வளைவு, இங்கே எப்போதும் இப்படித்தான் ஒடிப்பார்கள்.

அசையாதீர்கள்.

பூ விழுந்துவிட்டதா? காட்டுங்கள். முழுசாகத்தான் கழன்றிருக்கிறது. இல்லை, உங்கள் மேல் தப்பில்லை. நீங்கள் அடியைத்தான் பிடித்திருந்தீர்கள், நான் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். காற்று. இவ்வளவு குளிர்ந்த காற்று இதற்கு ஆகாது என்று இன்னாசிமுத்துகூட ஒரு தடவை ஏரிக்கரையில் சொன்னார், ஓடுகிற காற்று வேறு, குளிர்காற்று வேறு சிரஸ்தாரே என்று. நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

அந்த அம்மாவிடம் பூ இருந்தது, வேர் இல்லை. என்னிடம் வேர் இருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது?

என்ன? இல்லை, சொல்லுங்கள். மேலேயே ஒரு தரம் கையைத் தூக்கினீர்கள். இது இரண்டாவது தரம். நான் பேசவில்லை, சொல்லுங்கள்.

கண்ணாடியா?

கொஞ்சம் நகருங்கள். இது இறுகிப்போய் இருக்கிறது. தனியாக வராது. நீங்கள் அந்தப் பக்கம் பிடியுங்கள், நான் இங்கே பிடிக்கிறேன்.